சோதனையில் மட்டும் லோரிஸ்

நூலகம் என்றுதான் அதற்குப் பெயர்.
உள்ளே ஒரு புத்தகமும் கிடையாது.
லாரிகள் உண்டு, லாரி ஓட்டுநர்கள் உண்டு,
ரோட்டர்டாமுக்குப் போக வேண்டிய
சாம்பல் நிற டைல்ஸ் எண்ணூறு பெட்டி உண்டு.

இரண்டு நூலகங்கள்.
ஒன்று நிஜம், ஒன்று சோதனை.
இரண்டிலும் கோப்புகளுக்கு ஒரே பெயர்.
நிரலுக்கு வித்தியாசம் தெரியாது.
பட்டியலை மேலிருந்து தேடிக்கொண்டே வரும்,
எது முதலில் அகப்படுகிறதோ
அதுதான் உலகம் என்று நம்பி
வேலையைத் தொடங்கிவிடும்.
நானும் இரண்டு முறை
அப்படித்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.

பட்டியலை மாற்றி வைப்பது என் பிழைப்பு.
ஒரு கட்டளைக்குச் சோதனை மேலே ஏறும்.
இன்னொன்றுக்கு நிஜம்.
அதே கறுப்புத் திரை, அதே பச்சை எழுத்து,
அதே இடத்தில் துடிக்கும் அதே கோடு.
சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால்;
எந்தக் கால் எதில் என்று குனிந்து பார்த்தால்
சஸ்ஸுவோலோவின் நவம்பர்ப் பனி.

அப்படி ஒரு நவம்பரில்தான்
சோதனை என்று நினைத்துக்கொண்டு
ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பெட்டி வெள்ளை டைல்ஸை
முகவரி இல்லாத ஒருவருக்கு விற்றேன்.
வண்டி: பதினேழு. ஓட்டுநர்: லோரிஸ் பெதெஸ்கி.
வழக்கமாக நான் எழுதும் பெயர்,
தட்டச்சு செய்ய விரலுக்குச் சுகம்.

அப்படி ஓர் ஓட்டுநர் இல்லை
என்றது திரை.

கை அந்தரத்தில் நின்றது.
லோரிஸ் வேலையை விட்டு
எதிர்ச்சாரிக் கம்பெனிக்குப் போய் இரண்டு வருடம்.
சோதனை நூலகம் அதற்கும் முந்தைய நகல்.
அவன் இங்கே இல்லையென்றால்
இது நிஜம்.
மெல்ல, வெடிகுண்டுக்கு அடியிலிருந்து
விரலை உருவுவதுபோல்
பின்வாங்கும் விசையை அழுத்தினேன்.
கீழே நான்காம் வாசலில்
காலைப் பணிக்கு வந்தவர்கள்
ஒன்றும் அறியாமல் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து
எந்தப் பக்கம் மாறினாலும் முதல் வேலை
அவன் பெயரை அடித்துப் பார்ப்பது.
இருக்கிறானா, விளையாடலாம்.
இல்லையா, நிமிர்ந்து உட்கார வேண்டும்.

மறுநாளே காபிக் கடையில் அவனிடம் சொல்லிவிட்டேன்.
தினமும் கேட்பான்:
நீவெஸ், நேற்று நான் எங்கே போனேன்?
மியூனிக்குக்கு நாற்பத்தொரு நடை, ஒரே மதியத்தில்,
என்பேன்.
டீசல் காசு யார் தருவது என்பான்.
அவனுடைய இப்போதைய முதலாளி தராத விடுமுறையெல்லாம்
எங்கள் சோதனையில் இன்னும் பாக்கி இருக்கிறது:
பதினொரு நாள்.

போன வெள்ளிக்கிழமை குவால்த்தியேரோ
கையெழுத்துப் போட்ட தாள் வந்தது.
சோதனைத் தரவு ஊசிப்போய்விட்டது,
நிஜத்திலிருந்து புதிதாக நகலெடு.
சரிதான். விலைகள் பழசு, பாதி வாடிக்கையாளர் திவால்.
பதினொரு நிமிடம் ஓடியது நகல்.
பக்கத்துக் கொட்டகையில் சூளை
வழக்கம்போல் உறுமிக்கொண்டிருந்தது.

பிறகு சோதனையை மேலே ஏற்றினேன்.
பெயரை அடித்தேன்.
இல்லை.
நிஜத்தை ஏற்றினேன். அடித்தேன்.
இல்லை.
எங்கே இருக்கிறேன் என்று
எனக்கே சொல்லத் தெரியவில்லை.
நிஜத்துக்குச் சிவப்புப் பட்டை போடலாம் என்று
கையேடு சொல்கிறது. போடலாம்.
சிவப்பு ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும்.

பட்டியலை மறுபடி மாற்றினேன்.
மூன்று முறை சரிபார்த்தேன்,
நூலகத்தின் பெயரை உரக்கப் படித்தேன்.
பிறகு ஒரே ஒரு வரி சேர்த்தேன்.
தணிக்கைக்காரன் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

காலையில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சொன்னேன்:
உன்னை மறுபடி வேலைக்கு எடுத்துவிட்டோம்.
பாஸல். வண்டி பதினேழு.
விடுமுறைப் பாக்கி மட்டும் அழிந்துபோயிற்று.

பதினொரு நாளும் போச்சா என்றான்.
எழுந்துபோய்
இரண்டு காபிக்கும் காசைக் கொடுத்தான்.